எந்தப் பூங்கா?

மார்கழி பிறப்பதற்கு முந்தைய நாள் நானும் என் மனைவியும் சென்னையில் இருந்தோம். சைதாப்பேட்டையில் உள்ள மகள் வீட்டிலிருந்து மின்சார ரயிலேறிப் பூங்கா நிலையத்தில் இறங்கி, எதிரே உள்ள பெரிய நிலையத்தில் திருப்பத்தூர் வண்டியைப் பிடிக்க வேண்டும். திருப்பத்தூரில் ஜமுனாமரத்தூர் செல்லும் கடைசிப் பேருந்து கிடைத்தால்தான் மறுநாள் விடியலில் எங்கள் ஊர்ப் பெருமாள் முன்னால் நான் பாசுரத்தைத் தொடங்க முடியும்.

தவறினால் என் பங்காளி தொடங்கிவிடுவார். பக்தியில் அவர் எனக்குக் குறைந்தவர் அல்லர். ஆனால் அவர் நாவில் ஏறும் ழகரம் யகரமாகத்தான் இறங்கும். பழம் படைக்கப் புறப்பட்டு, பயத்தைப் படைத்துவிட்டு வருவார். அதுவும் ஒலிபெருக்கியில்.

கூட்டம் மிகுந்திருந்ததால் மனைவியைப் பெண்கள் பெட்டியில் ஏற்றி, "பூங்கா வந்ததும் இறங்கிடு" என்று சொல்லிவிட்டு வேறொரு பெட்டியில் ஏறினேன். பெயர்ப்பலகையில் பூங்கா என்றுதான் எழுதியிருக்கிறது. பலகையே நல்ல தமிழ் பேசும்போது, அதைப் 'பார்க்' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

நான் இறங்கினேன், அவள் இறங்கவில்லை. அடுத்த வண்டியிலும் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. அவளுடைய கைபேசியோ மகள் வீட்டில் மின்னேற்றியில் மாட்டியபடியே தங்கிவிட்டது. ஒரு பெண்மணியிடம், "பெண்கள் பெட்டியில் முதிய அம்மையார் எவரையேனும் கண்டீர்களா?" என்று கேட்டேன். அவர் செய்தி வாசிப்பவரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பயணிகளின் கனிவான கவனத்தை மேலே ஒரு குரல் வேண்டிக்கொண்டிருந்தது. அந்த வளாகத்தில் என்னைப்போல் பேசியது அது ஒன்றுதான்.

அப்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மனைவிதான்.

"இன்னாங்க, எங்க கீறீங்க?"

"பூங்காவுலதான் இருக்கேன். நீ எங்க இருக்கே?"

"நானும் பூங்காவுலதான் கீறேன். சுத்திச் சுத்திப் பாத்துட்டேன், உங்களக் காணோமே!"

"இருக்கை மேல உட்கார்ந்திருக்கேன், பாரு."

"நானும் பெஞ்சு மேலதான் குந்திக்கினு கீறேன். எதிர்ல வாத்து நீந்துது."

"வாத்தா! தண்டவாளத்துலயா?"

"இன்னா ஆச்சு உங்களுக்கு? பூங்காவுல ஏதுங்க தண்டவாளம்?"

விசாரித்தபோது விளங்கியது. பூங்காவில் இறங்க வேண்டும் என்று பெட்டியில் அவள் சொன்னதும், உடன் வந்த பெண்கள் கூடி ஆலோசித்து, நுங்கம்பாக்கத்திலேயே அவளை இறக்கியிருக்கிறார்கள். அவ்வழியே சென்ற ஒருவர் செம்மொழிப் பூங்கா வாசல்வரை கொண்டுபோய் விட்டிருக்கிறார். இவளும் நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே சென்று, கொடிப்பந்தல்களுக்கடியில் என்னைத் தேடியிருக்கிறாள்.

திருப்பத்தூர் வண்டிக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கைபேசி தந்த புண்ணியவதியே அவளை வாசலுக்கு அழைத்துச் சென்று, ஓர் ஆட்டோ ஓட்டுநரிடம் கைபேசியைக் கொடுத்து, என்னைப் பேசச் சொன்னார்.

"ஐயா, அவங்கள நடுவண் நிலையத்துக்கு அழைச்சிட்டு வந்துடுங்க" என்றேன்.

"எங்க சார்?"

"நடுவண் நிலையம்!"

"அதான் சார், எதுக்கு நடுவுல?"

"நடுவுல இல்லைங்க. பெயரே நடுவண் நிலையம்!"

"புது ஏரியாவா சார்? நமக்குத் தெரியாது. வேற வண்டி பாத்துக்கச் சொல்லு."

அவர் துண்டிக்கப் போகிறார் என்று தெரிந்தது. அந்த நேரம் பார்த்துக் கடற்கரை வண்டி பேரிரைச்சலுடன் உள்ளே நுழைந்தது. இத்தனை ஆண்டுகள் காத்துவந்த விரதத்தை நடைமேடையிலேயே இறக்கி வைத்துவிட்டு, "சென்ட்ரல்! சென்ட்ரல்! சென்ட்ரல் ஸ்டேஷன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ரயிலின் கூச்சலையும் மீறி அது கேட்டிருக்க வேண்டும். வண்டியிலிருந்து இறங்கிய ஒருவர் என் தோளைத் தொட்டு, "கத்தாத பெருசு. வெளிய போனா எதிர்லதான் கீது" என்று பரிவோடு வழிகாட்டினார்.

திருப்பத்தூர் வண்டி நகர்வதற்குச் சற்று முன் அவள் வந்து சேர்ந்தாள். இருக்கையில் அமர்ந்து மூச்சு வாங்கிய பின், "பொட்டியில வந்த பொம்பளைங்கதான் சொன்னாங்க, மெட்ராஸ்ல பூங்கான்னா அது ஒண்ணுதானாம், மத்ததெல்லாம் பார்க்காம்" என்றாள்.

"ரயில் மாறணும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா வாசல்ல செம்மொழின்னு எழுதியிருந்துச்சி. அதப் பாத்தப்புறம் நீங்க வேற எங்க போயிருப்பீங்க?"

இதற்கு நான் மறுமொழி சொல்ல முயன்றேன். குரல் பாதிதான் வந்தது. கடைசிப் பேருந்து மலையேறி முடிப்பதற்குள் அந்தப் பாதியும் போய்விட்டது.

விடியற்காலையில் பனியில் நனைந்தபடி ஊரே கோயிலில் கூடியிருந்தது. ஒலிவாங்கி முன் நின்று வாய் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. பெருமாள் சிறிது நேரம் காத்திருந்தார். பிறகு பங்காளி முன்னே வந்து, மனமுருகப் பாடினார். ழகரம் ஒன்றுகூட உயிர் தப்பவில்லை.

பாடி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"எப்டிண்ணே இருந்துச்சி?"

சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. தலையை மட்டுமே அசைக்க முடிந்தது. அவர் நெகிழ்ந்துபோய் என் கைகளைப் பற்றிக்கொண்டார்.

"நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்கண்ணே. மார்கயி முயுக்க நானே பாடிர்றேன்."