பன்றிக்கறிப் புகை

ரென்ட்டியைப் போல ஓரிடத்தில் உட்காரத் தெரியாத மனுஷனை நான் பார்த்ததே இல்லை. எங்கள் 'ஹெட்டி' ஆற்றில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த குட்டி நீராவிக் கப்பல். அடிமை வைத்திருந்த தெற்கத்தியாரோடு போரிட்ட வடக்கத்திப் பட்டாளம் அதில் இரண்டு பீரங்கியை மாட்டி, சான்டீ ஆற்று முகத்தை அடைத்து நிற்கச் சொல்லியிருந்தது. தெற்கத்தியாரின் பருத்தி வெளியே போகக்கூடாது, துப்பாக்கி உள்ளே வரக்கூடாது. நானும் ரென்ட்டியும் அடுப்புக்குக் கரி அள்ளுகிறவர்கள். இருவருமே மேலாற்று நெல் பண்ணையில் அடிமைகளாய்க் கிடந்து தப்பி வந்தவர்கள்.

நாங்கள் தப்பியபோது ரென்ட்டியின் பெண்டாட்டி பினா நிறைமாதம், வரமுடியவில்லை. "கப்பல் புகை தெரியிற அன்னிக்கு, தண்ணி வத்தும்போது படகை விடு" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். பண்ணையிலிருந்து தப்பும் எங்கள் ஆட்கள் எல்லாரும் புகையைப் பார்த்துத்தான் வருவார்கள்.

அந்த நேரம் பார்த்து கேப்டன் புகையே வராத கெட்டிக் கரியை ஏற்றினார். கரையிலிருக்கும் தெற்கத்திப் பீரங்கிக்காரன் கண்ணில் படாமல் இருக்கலாமாம்! அதோடு, பண்ணைக்காரன் அடிமைகள் எல்லாரையும் உள்நாட்டுக்கு ஓட்டிப்போகப் போகிறான் என்று சேதி வந்தது. ரென்ட்டிக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோற்றைத் தொடவில்லை.

"அவ புகையைத் தேடிக்கிட்டு நிப்பாடா."

"அதுக்கு நான் என்ன பண்ண? சுருட்டுப் பத்தவச்சு ஊதவா?" என்றேன்.

காலையில் கடல் இறங்கி ஆற்றுத் தண்ணீர் வற்றத் தொடங்கியதும் உப்புப் பன்றிக்கறிப் பீப்பாயை உருட்டிவந்து அடுப்பில் கொட்டிவிட்டான், படுபாவி! கொழுப்பு பற்றிக் கன்னங்கரேலென்று புகை எழும்பியது. கரைப் பீரங்கி முழங்க, ஒரு குண்டு பக்கத்தில் விழுந்து எங்களை நனைத்தது.

"எவன்டா கப்பலைக் காட்டிக்கொடுத்தது?" என்று கேப்டன் கத்தினார். ரென்ட்டி கையைத் தூக்கினான். காலில் விலங்கை மாட்டி மேல்தட்டில் உட்காரவைத்தார்கள். குண்டு எட்டாத தூரத்துக்குக் கப்பலை நகர்த்தினோம்.

நாணலுக்குள்ளிருந்து ஒரு படகு வந்தது. பினாவேதான்! முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு துடுப்புப் போட்டு வந்தாள். ரென்ட்டி துள்ளி எழுந்தான். ஏணியில் கால் வைத்தவள் விலங்கைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இங்கயும் சங்கிலியா?"

"அடியே, இது உனக்குப் புகை காட்டக் கப்பல் கறியை எரிச்சதுக்குடி! வெள்ளைக்கார மாலுமிக்கும் இதேதான். ஏறு!"

"அங்கயும் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொன்னாங்க." துடுப்பை மறுபடி எடுத்துவிட்டாள்.

இது அடிமைச் சங்கிலி இல்லை என்று நான் சத்தியம் பண்ணிப் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் அசையவில்லை. கேப்டன் சாவியோடு வந்து, குனிந்து, தன் கையாலேயே விலங்கைக் கழற்றினார். அதன் பிறகுதான் அவள் குழந்தையை அவிழ்த்து மேலே நீட்டினாள்.