மாமியின் உருண்டைகளை எடுத்தவர்

அறுப்பின் பண்டிகையன்று கோயிலில், வாழைக்குலைக்கும் மரச்சீனிக் கிழங்குக்கும் நடுவே, ஒரு ஓலைக் கடவம் நிறையக் கரும்பழுப்பு உருண்டைகள் இருந்ததுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. எங்கள் கிறிஸ்தவ சபையில் அவரவர் உழைப்பின் முதற்பலனைக் காணிக்கையாக வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அவற்றை முற்றத்தில் ஏலம் போடுவார்கள். அந்த உருண்டைகளை வைத்தவள் என் மாமி. “குப்பைய கொண்டு கோயில்ல வச்சிருக்கா பாரு” என்று பின்னால் யாரோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது. குப்பை எப்படிக் காணிக்கையாகும் என்று எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது.

எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த காலம் அது. எங்கள் தாலுகாவை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போன மாமா, நெய்யாற்றின்கரைச் சிறையில் இருந்தார். மாமி மரமில்லில் தூளை வாரி வருவாள். வீடுவீடாகப் போய் மரச்சீனித் தோல் வாங்கிக் குழைய வேகவைப்பாள். இரண்டையும் பழங்கஞ்சி விட்டுப் பிசைந்து, உருட்டி, பாயில் காயப்போடுவாள். காய்ந்த உருண்டை அடுப்பில் நின்று எரியும். அதை விற்றுத்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. வாடிக்கையாக வாங்கியவர், உதியன்குளங்கரையில் தேநீர் விற்கும் சாயக்கடைக்காரர், மலையாளி. மாமா கேட்ட எல்லை அவருக்கு ஆகவே ஆகாது. அவரிடம் விற்கும் மாமி எந்தக் கட்சி என்று என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. கேட்டால், “ஒனக்கு வேற வேல இல்லியா மக்கா” என்பாள்.

ஏலத்தில் கடவத்தைத் தூக்கிக் காட்டியபோது யாரும் விலை கேட்கவில்லை. மாமி முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாங்க ஆளில்லாமல் திரும்பி வந்தால், அவள் உழைப்பு குப்பைதான் என்று ஊர் முடிவுகட்டிவிடும். அப்போது மதிலுக்கு வெளியிலிருந்து சாயக்கடைக்காரர், “ஞான் எடுத்தோளாம்” என்றார். மாமாவின் கூட்டாளிகளுக்கு ரோஷம் வந்துவிட்டது. “எலே, நம்ம ஆளு ஜெயில்ல கெடக்கும்போ அவன் எடுக்கதா? விடாத!” என்று விலையை ஏற்றிக்கொண்டே போய் அவர்களே எடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மாமி மட்டும் சாயக்கடைக்காரர் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடுத்தவர்கள் வீட்டிலெல்லாம் விறகு இருந்தது. உருண்டைகள் ஒருவர் முற்றத்தில் கிடந்து ஐப்பசி மழையில் கூழாயின. மாமி போய்க் கேட்டு, அந்தக் கூழை வாரி வந்து, மறுபடி உருட்டிக் காயவைத்துச் சாயக்கடையில் சும்மாவே கொடுத்தாள். “எரிக்கதுக்குச் செய்ததாக்கும் மக்கா” என்றாள்.

பிறகு மாமா விடுதலையாகி வந்தார். கூட்டாளிகள் வழியிலேயே அவரிடம் பெருமையாக எல்லாம் சொல்லியிருந்தார்கள். ஆனாலும், “காணிக்கை உருண்டைய ஆரு எடுத்தா?” என்று மாமியிடம் கேட்டார்.

“சாயக்கடைக்காரரு.”

மாமா குழம்பிப் போய் என்னைப் பார்த்தார். ஏலத்தைக் கண்ணால் பார்த்தவள் நான்.

“ஆமா மாமா” என்றேன்.

இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அது பொய்யா என்று கேட்டால்தான் எனக்குப் பதில் தெரியாது.