குப்பாயிக்கு ஒரு பூப்பெட்டி

கொட்டாஞ்சேனையில் அந்த லேனுக்குள் ஜெயராணியின் வீட்டை யாரும் இலக்கம் சொல்லித் தேடுவதில்லை. சுத்தியல் சத்தம் கேட்கிற வீடு என்றால் போதும். புறக்கோட்டைப் பழக்கடைக்காரர்கள் தூக்கிப் போடுகிற அப்பிள் பெட்டிகளைப் பிரித்து, அந்தப் பலகையில் பூப்பெட்டி செய்வதுதான் அவளுடைய தொழில். பெட்டிகள் ஸமீம் நானாவின் கடைக்குப் போகும். சீனாவிலிருந்து வருகிற டியூலிப்பும் டஃபோடிலும், கொழும்பு வெயிலில் ஒருநாளும் முளைக்காத வசந்தகாலத்துத் துணிப்பூக்கள், அவற்றில் ஏறி நிற்கும். சலூன்காரர்களும் கல்யாண மண்டபக்காரர்களும் வாங்கிப் போவார்கள்.

பெட்டி மலிவுதான். ஆனால் பார்த்தால் அப்படித் தெரியாது. வெள்ளைப் பெயின்ற்றில் தண்ணீர் கலந்து பூசி, காயுமுன்னே பழந்துணியால் துடைத்தெடுப்பாள். மரத்தின் ரேகை மேலே வந்துவிடும். விளிம்பைச் சுற்றி சணல் கயிறு. உள்ளே டீவி வந்த பெட்டியில் கிடந்த ரெஜிபோம் என்கிற வெள்ளைத் தெர்மோகோல் துண்டு. அதில் காம்பைக் குத்தினால் பூ அசையாது.

ஜெயராணி பதுளைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிறந்தவள். சிறு வயதில் வீட்டு வேலைக்கென்று கொழும்புக்கு வந்து, த்ரீவீல் ஓட்டுகிற சந்திரகுமாரைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். அக்கா குப்பாயி தோட்டத்திலேயே கொழுந்து பறித்தாள். கல்யாணம் கட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தங்கச்சிக்குப் போன் எடுப்பாள். என்ன பேச்சானாலும் நடுவில் ஒரு வறட்டு இருமல் வந்து குறுக்கே நிற்கும். "சனியன் புடிச்ச இருமலு" என்று அதைத் திட்டிவிட்டுத்தான் மீதிக் கதையைச் சொல்லுவாள்.

போன கார்த்திகை மழையில் மலை இறங்கி வந்து அந்த லயத்தை மூடியது. ஆமிக்காரர்கள் தோண்டினார்கள். சிலரை எடுத்தார்கள். மழை விடவில்லை, மேலேயிருந்து மறுபடி மண் சரிந்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள். குப்பாயியை எடுக்கவில்லை.

"காரியத்த செஞ்சிருவம் ராணி" என்றான் சந்திரகுமார்.

"மொகத்தப் பாக்காம எப்படிங்க செய்யிறது? எங்கயாச்சும் ஆஸ்பத்திரில பேரு தெரியாமக் கெடந்தா?"

அவள் தினமும் அக்காவின் நம்பருக்குப் போன் எடுத்தாள். தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியிலும் சொல்லி முடிக்கும்வரை காதிலிருந்து எடுக்கமாட்டாள்.

இருமல் தை மாதத்தில் தொடங்கியது. பலகைக்கு சாண்ட் பேப்பர் போட்டுக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால், உள்ளறையில், யாரோ தொண்டையைச் செருமி வறட்டு இருமலாய் இருமினார்கள். பட்டப்பகல். தெருவில் மீன்காரன் கூவிக்கொண்டு போகிறான். திரும்பிப் பார்த்தாள், சுவரில் சாய்த்து வைத்த பலகைகள்தான் நின்றன. மரத்தூள் என் தொண்டைக்குள் போயிருக்கும், நானே இருமியிருப்பேன் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டாள். மறுநாளும் கேட்டது. கை நின்றால் இருமலும் நிற்கும். வேலை தொடங்கினால் அதுவும் தொடங்கும். இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் சந்திரகுமார் சாப்பிட வந்திருந்தான். அவள் வாசலோடு இருந்து ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். அவன் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோனவன், கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டான்.

"உள்ளுக்கு யாரு வந்திருக்கா?"

"யாருமில்லையே."

"இருமுறாங்களே."

ஜெயராணி சுத்தியலைக் கீழே வைத்தாள். அவன் எழுந்து உள்ளே போய்ப் பார்த்தான். வெளியே வந்து கையைக் கழுவினான். மீதிச் சோற்றைத் தொடவில்லை. அன்றைக்குப் பிறகு அவன் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் முதலில் ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் உட்காருவான்.

வைகாசியில், வெசாக் பண்டிகை முடிந்த வாரம், வழக்கம்போல் நம்பரை அழுத்திக் காதில் வைத்தாள். மணி அடித்தது.

நாலைந்து தரம் அடித்த பிறகு எடுபட்டது.

"அக்கா? அக்கா, நான் ராணி!"

"கவுத மே?" என்றது ஒரு சிங்களப் பெண்குரல். யாரிது என்று கேட்கிறாள். பின்னால் ஒரு குழந்தை அழுதது. ஜெயராணி போனை வெட்டிவிட்டாள். ஆனால் அந்தப் பெண் விடவில்லை, திருப்பிப் போன் எடுத்தாள். தன் பெயர் நில்மினி என்றாள், குருநாகல் என்றாள். இந்த நம்பருள்ள சிம் நேற்றுத்தான் வாங்கியதாம். அதற்குள்ளேயே யார் யாரோ போன் எடுத்து குப்பாயியைக் கேட்கிறார்களாம். "அது யார் அக்கே?" என்று கேட்டாள், கோபமில்லாமல்.

"மகே அக்கா" என்றாள் ஜெயராணி. "மெருணா."

என் அக்கா. செத்துப்போனாள். இத்தனை மாதமாகத் தமிழில் புருஷனிடம்கூடச் சொல்ல வராத சொல், முகம் தெரியாத ஒருத்தியிடம் சிங்களத்தில் வந்து விழுந்துவிட்டது. நில்மினி குழந்தையைத் தட்டிக்கொடுப்பது கேட்டது. பிறகு, யாராவது குப்பாயியைக் கேட்டால் உங்கள் நம்பரைக் கொடுக்கட்டுமா என்று கேட்டாள்.

ஜெயராணி குப்பாயிக்கென்று ஒரு பெட்டி செய்தாள். கண் விழாத, முடிச்சில்லாத பலகையாகப் பொறுக்கினாள். ரெஜிபோம் வைக்கவில்லை. அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டாள். பூ எடுக்கக் கடைக்குப் போனபோது, "நானா, வெளியில வச்சா எது ரொம்ப நாளைக்கு நிக்கும்?" என்று கேட்டாள்.

"எல்லாம் வெளுக்கும் தங்கச்சி" என்றார் ஸமீம் நானா. "மஞ்சள் கொஞ்சம் தாங்கும்." யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. மஞ்சள் டியூலிப்பில் ஒரு கட்டு எடுத்துப் பேப்பரில் சுற்றிக் கையில் வைத்தார்.

புருஷனும் பெண்சாதியும் பதுளைக்கு ரயிலேறினார்கள். தோட்டத்துக்குப் போனால், லயம் இருந்த இடத்தில் செம்மண் மேடுதான் இருந்தது. பக்கத்து டிவிஷன்காரர் ஒருவர் கூட வந்து காட்டினார்.

"எந்த எடத்துல ஒங்கக்கா குடியிருந்த காம்பரா இருந்திச்சின்னு சொல்லத் தெரியலம்மா. மல எடம் மாறிப் போச்சி."

ஜெயராணி பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வைக்க இடம் தெரியவில்லை. மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். எல்லாம் ஒரே சிவப்பு. அப்போது இடது பக்கம், ஒரு கொய்யா மரம் வேரோடு சாய்ந்து கிடந்த இடத்திலிருந்து, அந்த வறட்டு இருமல் வந்தது. அவள் சந்திரகுமாரைப் பார்த்தாள். அவனும் அந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தான். கூட வந்தவர் மட்டும் ரோட்டைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

இரண்டு பேரும் அங்கே போனார்கள். அவள் குந்தியிருந்து மண்ணைக் கையால் அள்ளிப் பெட்டியை நிரப்பினாள். ஈர மண் நகத்துக்குள் ஏறியது. பூக்களை ஒவ்வொன்றாக ஊன்றினாள். பிறகுதான், அவ்வளவு மாதத்துக்குப் பிறகு, வாய்விட்டு அழுதாள்.

கொழும்புக்கு வந்து வேலையைத் தொடங்கினாள். இருமல் வரவில்லை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தவளுக்கு, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிற வேலையே புதிதாகச் சேர்ந்தது. சந்திரகுமாரும் ரேடியோவைப் போடுவதில்லை. சோற்றைப் பிசைந்தபடி உள்ளறையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. வயசான பெண்குரல். பசறையிலிருந்து பேசுகிறாளாம். முன்னொரு காலம் குப்பாயியோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவளாம். மகன் வீட்டில் போன் இல்லாமல் இவ்வளவு நாளும் இருந்துவிட்டாளாம். சிங்களப் பிள்ளை ஒன்று இந்த நம்பரைக் கொடுத்தது என்றாள்.

"குப்பாயி இருக்காளா? கொஞ்சம் கூப்புடேன் தாயி."

ஜெயராணி ஆணியைத் தரையில் வைத்தாள்.

"நான் அவ தங்கச்சி பேசுறேங்க" என்றாள். "நீங்க எங்கயாச்சும் ஒக்காந்துக்கிறீங்களா? சொல்றேன்."