இறங்காமல் சொன்ன அழைப்பு

நான் வேலை செய்யும் நிறுவனத்தின் அறிக்கையில் என் வேலைக்குப் பெயர் 'கலை ஊடாகச் சமூக ஒருங்கிணைப்பு'. விஷயம் இவ்வளவுதான்: கல்குடாப் பெண்கள் சிலருக்கு நாடகம் பழக்குகிறேன். பாதிப்பேர் பாசிக்குடா ஹோட்டல்களில் வேலை பார்ப்பவர்கள். பகல் முழுக்க வெள்ளைக்காரர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு வருவதால், நடிப்பை நான் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் மேடையேற்றத்துக்கு மண்டபக் காவலாளியும் அவருடைய நாயும் வந்தார்கள். நாய் பாதியில் எழுந்து போய்விட்டது. காவலாளி சம்பளத்துக்காக இருந்தார்.

எங்கள் கதாநாயகி ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் துவைப்பவள். முகப்பூச்சைத் துடைத்தபடி சொன்னாள்: "இனியும் ஆளில்லாத கதிரைக்குத்தான் நடிக்கிறதெண்டா நான் வரல்ல, சேர்."

மற்றப் பெண்களைக் கூட்டி வந்ததே அவள்தான். அவள் போனால் கூடாரம் காலி.

மறுநாள் அலுவலகத்தில் கூட்டம். நான் முன்பு வேலை செய்த இடத்தில் முதலில் ஓர் ஆளைப் பிடித்து வறுத்தெடுப்பார்கள், பிறகுதான் தேநீர். இங்கே தேநீர் முதலில் வந்தது. எங்கள் பொறுப்பாளர், டவுன் மெதடிஸ்தக் குடும்பத்துப் பெண்மணி, அமைதியாகக் கேட்டார்: "ஊராக்களுக்கு எப்படிச் சொன்னீங்க, தம்பி?"

"வாட்ஸ்அப்பில போட்டன். மறுகா மோட்டச்சைக்கிள்ல வீடு வீடாப் போய்ச் சொன்னன், மெடம்."

"இறங்கினீங்களா?"

"இல்ல."

"உள்ள போய், இருந்து, தேத்தண்ணி குடிச்சுச் சொல்லாட்டி அது அழைப்பா? உங்கட கலியாணத்துக்கும் இப்படித்தான் சொன்னீங்களா?"

கலியாணத்துக்கு என் ஊரான வெல்லாவெளியில் ஒவ்வொரு வீட்டுப் பாயிலும் குந்தி அழைத்தவன் நான். கலை என்றதும் புத்தி எங்கே மேயப் போனதோ!

ஊரை அழைப்பது என் வேலைதானே என்று ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அடுத்த மேடையேற்றத்துக்கு முன் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, பொறுப்பாளர், கணக்காளர், சாரதி, நான் என்று எல்லோரும் கிளம்பினோம். போன வீடெல்லாம் தேத்தண்ணீர். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத கணக்காளர், பின்னேரமானதும் போன இடமெல்லாம் கழிப்பறையை விசாரிக்கத் தொடங்கினார். ஊரோடு எங்களில் அதிகம் ஒட்டிக்கொண்டவர் அவர்தான்.

அந்த முறை மண்டபத்தில் இடமில்லை. சன்னல்களிலும் தலைகள். திரையை விலக்கிப் பார்த்த கதாநாயகி அதைச் சட்டென்று இழுத்து மூடினாள்.

"ஐயோ சேர், இவ்வளவு சனத்துக்கு முன்னால என்னால ஏலா!"

கதிரைக்கு நடிக்கமாட்டேன் என்றவள் இவள்தான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாயைத் திறப்பதற்குள் பொறுப்பாளர் குறுக்கே வந்தார்.

"ஏலாட்டி விடுங்க, புள்ள. சனத்துக்கு நான் சொல்லிக்கொள்றன். ஆரும் உங்கள ஏசமாட்டாங்க."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு, என்ன நினைத்தாளோ, விறுவிறுவென்று மேடைக்குப் போய் நடுவில் நின்றாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

முன்வரிசையில் இருந்து மீன் விற்கும் பெண் ஒருத்தி கத்தினாள்: "வாயத் திறந்து கதை, புள்ள! பிறத்தியார் ஆரும் இல்ல, நாங்கதான் வந்திருக்கம்!"

மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்குமுன்பே முதல் வசனத்தைப் பேசிவிட்டாள். நான் திரைக்குப் பின்னால் நின்று வெட்கமில்லாமல் அழுதேன்.