ஃப்ளாரன்ஸில் பார்க்காத சிலை

பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டேவிட் சிலையின் முகத்தைப் புத்தகப் படத்தைப் பார்த்தே பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதை நேரில் பார்க்கத்தான் காரைக்குடியிலிருந்து இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் வரை போனேன். கணவரும் ஊர்க்காரர்கள் சிலரும் கூட வந்தார்கள்.

மியூசியத்தில் நீண்ட கூடத்தின் கடைசியில் சிலை நின்றது. உடையில்லாத சிலை என்பது கணவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பாதித் தூரத்திலேயே என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நம்ம ஊரு ஆளுக பின்னாடி வாராக. அங்குட்டுப் போயி நீ நின்டா என்ன நினைப்பாக? வெளியே வா."

"நீங்க வெளியே இருங்க. நான் பாத்துட்டு வந்துர்றேன்."

"சொன்னா கேக்க மாட்டியா?"

அவர் குரல் உயர்ந்தது. பலர் திரும்பிப் பார்த்தார்கள். நான் வெளியே வந்துவிட்டேன். அன்று மாலை தோல் பைக் கடையில் பேரம் பேசி எனக்கொரு பை வாங்கித் தந்தார். இரவு பாஸ்தாவை ருசித்துச் சாப்பிட்டார். நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டில் ஒரு விசேஷம். பந்தி முடிந்து எல்லோரிடமும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னா உசரங்கிறீக. கையில நரம்புகூடத் தெரியுது. நேர்ல பாக்கணும்."

அந்த நரம்பைப் பற்றி விமானத்தில் அவருக்குச் சொன்னவள் நான்.

பக்கத்து வீட்டு அம்மா என்னிடம் கேட்டார். "குடுத்து வச்சவுக. நல்லாப் பாத்தீகளா?"

கணவர் என்னைப் பார்த்தார்.

"பாத்தேன்" என்றேன்.

கையைப் பிடித்து நிறுத்தியதைக்கூட மறந்துவிடுவேன். அவர் மானம் காக்க நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் இன்னும் கசக்கிறது.