தோ பாயோவில் கழற்றிய முக்காடு

உயர்நிலைப் பள்ளியில் சேரப்போகும் விடுமுறையில் என் மகள் தானாகவே முக்காடு போட ஆரம்பித்தாள். நான் சொல்லவில்லை, சொன்னால் கேட்கிற பெண்ணும் அல்ல அவள். கண்ணாடி முன் நின்று ஊசி குத்திக்கொண்டு, "உம்மா, நல்லாருக்கா?" என்று கேட்டபோது எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

பள்ளி திறந்ததும் அந்த முகம் வாடிவிட்டது. இங்கே அரசாங்கப் பள்ளியில் சீருடையோடு முக்காடு கிடையாது. "ரூல்னா ரூல்தான் லா" என்றார் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த என் கணவர். நாகூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில். சிஸ்டர்களும் தலையை மூடியிருப்பார்கள், நாங்களும் மூடியிருப்போம். பூ வைத்துக்கொண்டு வந்த பிள்ளைகள்தான் திட்டு வாங்குவார்கள். இங்கே கேன்டீனில் ஹலால் தட்டு தனி, கரண்டி தனி என்று அவ்வளவு பார்க்கிறார்கள். ஒரு முழத் துணிக்கு மட்டும் இடமில்லையாம்.

கோபத்தில் ஊரிலிருக்கும் என் லாத்தாவுக்குப் போன் போட்டேன். அக்கா என்னைவிடச் சூடானவள்.

"புள்ளைய இங்க அனுப்பிடு. நம்மாளுங்க புதுசா பள்ளிக்கூடம் கட்டியிருக்காங்க. நான் எடம் சொல்லி வைக்கிறேன்."

"நம்ம படிச்ச பள்ளிக்கூடத்துலயே சேக்கலாமே?"

"அங்க இப்ப நம்ம புள்ளைங்க யாரு போறா? அவங்கவங்களுக்கு அவங்கவங்க பள்ளிக்கூடம்."

மகளைப் பிரிய மனமில்லை. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் அவள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனாள். வீட்டருகே மார்சிலிங்கில் அடுத்த ரயிலைப் பிடித்து, தோ பாயோவில் இறங்கி ஓடினேன். பள்ளிக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் மகளும், எங்கள் புளோக்கிலேயே குடியிருக்கும் அவள் தோழியும் நின்றார்கள். தோழி இந்துப் பெண். நெற்றியில் தினமும் மெல்லிய திருநீறு இருக்கும். மழையே இல்லை. அந்தப் பெண் ஒரு மடக்குக்குடையை விரித்துச் சாலைப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தாள். அதன் மறைவில் என் மகள் ஊசிகளை எடுத்து, முக்காட்டைக் கழற்றி, மடித்துப் பைக்குள் வைத்தாள். கலைந்த முடியைத் தோழி இன்னொரு கையால் ஒதுக்கிவிட்டாள். பிறகு இருவரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். நான் டப்பாவைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

அன்று மாலை, பார்த்ததைச் சொன்னேன். பள்ளிக்குள் தலை திறந்திருப்பதுகூடப் பழகிவிட்டதாம். ரோட்டில் நின்று கழற்றுவதுதான் கூச்சமாம். அதற்குத்தான் தோழி தினமும் குடை பிடிக்கிறாளாம். நாகூர்ப் பேச்சையும் எடுத்தேன். "அங்க போனா நீ கழட்டவே வேணாம்டி."

அவள் முக்காட்டு ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு மெதுவாக, "அவ அங்க இருக்கமாட்டாளே உம்மா" என்றாள்.

அழுதுவிட்டேன். இடம் வேண்டாம் என்று லாத்தாவிடம் அன்றே சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த விதிமேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

மறுநாள் லிட்டில் இந்தியாவில், நான் வேலை பார்க்கும் துணிக்கடைக்குப் பக்கத்தில், பெரிய குடை ஒன்று வாங்கி வந்து தோழியின் கையில் கொடுத்தேன்.

"எனக்கு எதுக்கு ஆன்ட்டி? என்கிட்ட அம்ப்ரெல்லா இருக்கே."

"இருக்குதும்மா. அது ரொம்பச் சின்னதா இருக்கு" என்றேன்.