சாக்கில் ஒட்டிய என் தமிழ்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு விவசாய அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். தமிழில் நான் புலி என்ற திமிர் எனக்கு உண்டு. மலைமேல் நெல்லிவாசல்நாட்டுக்குப் போகும், மருந்தும் சிவப்புச் சாயமும் ஏற்றிய கேழ்வரகு விதை மூட்டைகளில் ஒட்ட ஒரு சீட்டு எழுதினேன்: ‘பூஞ்சாணக்கொல்லி நேர்த்தியுற்ற இவ்வித்துகள் மாந்தர் நுகர்வுக்கு உகந்தனவல்ல.’

ஜீப் டிரைவர் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “சார், ‘விஷம், துன்னாதே’ன்னு எழுதிடுங்க சார்.”

“இது என்ன சாராயக் கடைப் பலகையா?” என்றேன்.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. விதைத்தது போக மிஞ்சியதை அரைத்துக் களி கிண்டுவது மலையில் வழக்கம். ஒரு வீட்டில் பெண் குழந்தை செத்துவிட்டதாகச் செய்தி வந்ததும் ஜீப்பில் போனோம்.

தகப்பன் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். என் சீட்டைக் கூரையில் பத்திரமாகச் செருகி வைத்திருந்தார்.

“எழுத்துக் கூட்டிப் படிச்சிப் பார்த்தேனுங்க. மந்திரம் மாதிரி இருந்துச்சி. கவர்மெண்டு நல்லதாத்தான் எழுதியிருக்கும்னு, செவப்புச் சாயம் போகக் கழுவி அரைச்சி, மொதக் களிய பொண்ணுக்குத்தான் குடுத்தேன். இன்னாங்க எழுதிக்கீது அதுல?”

“விஷம்னு,” என்றேன்.

சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அந்த வார்த்தை எனக்குப் படிக்கத் தெரியுமேங்க.”

எச்சரிக்கை முறைப்படி எழுதப்பட்டிருந்தது என்று விசாரணையில் என்னை விடுவித்தார்கள். அந்த உத்தரவு அப்படியே என் நடையில் இருந்தது. முதல் வாசிப்பில் எனக்கே புரியவில்லை.